விசுவநாதன் - ராமமூர்த்தி

விசுவநாதன் - ராமமூர்த்தி என்பது 1952 முதல் 1965 வரை தமிழ்த் திரைப்படங்களுக்குக் கூட்டாக இசையமைத்த எம். எஸ். விசுவநாதன் (1928 - 2015), டி. கே. ராமமூர்த்தி (1922 - 2013) ஆகிய இருவரின் கூட்டுப் பெயராகும். மெல்லிசை மன்னர்கள் என்ற பட்டத்தால் இவர்கள் பரவலாக அறியப்படுகின்றனர். பாவமன்னிப்பு, பாசமலர், கர்ணன், காதலிக்க நேரமில்லை, புதிய பறவை, எங்க வீட்டுப் பிள்ளை ஆகியவை இவர்கள் இசையமைத்த படங்களுள் சில. 1965 ஆம் ஆண்டு இருவரும் பிரிந்தனர். அதன் பின்னர் விசுவநாதன் பல நூறு படங்களுக்கு இசையமைத்தார். ராமமூர்த்தி தனித்து இசையமைத்த படங்களின் எண்ணிக்கை இருபதை எட்டவில்லை. இருவரின் பெயரிலும் வெளிவந்த பாடல்களைக்கூட இன்று பலர் விசுவநாதனின் பாடல்கள் என்றே குறிப்பிடுகின்றனர்.

இணைவதற்கு முன்

ராமமூர்த்தி 1922 மே 15 அன்று திருச்சிராப்பள்ளியில் வயலின் கலைஞர்களின் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே மேடையிலும் பின்னர் இசைத்தட்டு ஒலிப்பதிவுகளிலும் வயலின் வாசித்தார். கருநாடக இசையில் முறையான பயிற்சி பெற்றவர்.

விசுவநாதன் 1928 சூன் 24 அன்று பாலக்காட்டுக்கு அருகிலுள்ள எலப்புள்ளியில் பிறந்தார். சிறு வயதில் தந்தையை இழந்து, கண்ணூரில் பாட்டனாரிடம் வளர்ந்தார். அங்கு நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்றார். நடிகராகும் ஆசையில் திரைத்துறைக்கு வந்த அவருக்கு, ஜூபிடர் பிக்சர்சு நிறுவனத்தில் கிடைத்தது எடுபிடிப் பையன் வேலை மட்டுமே.

அபிமன்யு (1948) படத்தின் பாடல் ஒன்றுக்கு மெட்டமைத்தவர் இந்தப் பையனே என்பதும், இசையமைப்பாளர் எஸ். எம். சுப்பையா நாயுடு அதனை ஏற்றுக்கொண்டு, எடுபிடிப் பையனின் மெட்டு என்று தெரிந்தால் ஒதுக்கிவிடுவார்கள் என எண்ணி வெளியே சொல்லாதிருந்தார் என்பதும் விசுவநாதனின் வாழ்க்கை வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்திகளாகும். பின்னாளில் நாயுடுவே இந்த உண்மையைப் படநிறுவனத்தாரிடம் கூறி, விசுவநாதனைக் கைவிடாதிருக்கும்படி பரிந்துரைத்தார். தன் உழைப்பு பிறர் பெயரில் வெளிவருவதன் பொருளை விசுவநாதனும் தொடக்க காலத்திலேயே அறிந்திருந்தார் என்பது கவனிக்கத்தக்கது.

இருவரும் சந்தித்தது சி. ஆர். சுப்பராமனின் இசைக்குழுவில் ஆகும். ராமமூர்த்தி வயலினும் விசுவநாதன் ஆர்மோனியமும் வாசித்தனர். 1952 இல் சுப்பராமன் இளம் வயதிலேயே திடீரென மறைந்தபோது தேவதாஸ் (1953) உள்ளிட்ட படங்களின் இசைப் பணி முடிவடையாமல் இருந்தது. எஞ்சிய பணியை இவ்விருவரும் சேர்ந்து முடித்துக் கொடுத்தனர்.

பெயர் வரிசை

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய பணம் (1952) படத்தில் விசுவநாதன் - ராமமூர்த்தி என்ற பெயர் முதன்முதலாக இடம்பெற்றது. இந்தித் திரையுலகில் சங்கர் - ஜெய்கிஷன் இரட்டையர் அப்போது பெரும் புகழுடன் விளங்கினர். அவர்களைப் போல் தமிழிலும் ஓர் இரட்டையர் அமையட்டும் என்று கலைவாணர் கருதியதாகக் கூறப்படுகிறது.

ராமமூர்த்தி வயதில் ஆறு ஆண்டுகள் மூத்தவர். ஆயினும் விசுவநாதன் பெயரே முன்னால் வைக்கப்பட்டது. இளையவர் முன்னே நிற்கட்டும், மூத்தவர் பின்னே நின்று தாங்கிக்கொள்ளட்டும் என்று கலைவாணர் இதற்கு விளக்கம் கூறியதாக இருவரைப் பற்றிய கட்டுரைகளிலும் காணப்படுகிறது. அன்று அது வாழ்த்தாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. சங்கர் - ஜெய்கிஷன் இணையில் இது நேர்மாறாக இருந்தது. அங்கு 1922 இல் பிறந்த சங்கரின் பெயர் முன்னும், 1929 இல் பிறந்த ஜெய்கிஷனின் பெயர் பின்னும் அமைந்தன.

பெயர் வரிசை சிறிய செய்தி போல் தோன்றலாம். ஆனால் படத்தின் பெயர்ப் பட்டியல், இசைத்தட்டு உறை, வானொலி அறிவிப்பு, சுவரொட்டி ஆகிய அனைத்திலும் பதின்மூன்று ஆண்டுகள் அதே வரிசை தொடர்ந்தது. நீண்ட பெயரைச் சுருக்கிச் சொல்வோர் முதற்பெயரை மட்டும் சொல்லுவது இயல்பு.

இணைந்து பணியாற்றிய காலம்

1950களின் பிற்பகுதியில் இவர்களுடைய இசை தமிழ்த் திரையில் முதலிடம் பெற்றது. ஏ. பீம்சிங் இயக்கிய பதிபக்தி (1958), பாகப்பிரிவினை (1959), பாவமன்னிப்பு (1961), பாசமலர் (1961), பாலும் பழமும் (1961) ஆகிய படங்களும், ஸ்ரீதர் இயக்கிய நெஞ்சில் ஓர் ஆலயம் (1962), காதலிக்க நேரமில்லை (1964) முதலிய படங்களும் இக்காலத்தவை. எம். ஜி. ஆர். நடித்த மன்னாதி மன்னன் (1960), பெரிய இடத்துப் பெண் (1963), படகோட்டி (1964) ஆகியவற்றுக்கும் இவர்களே இசையமைத்தனர்.

இவர்களுக்கு முந்திய தலைமுறையின் திரைப்பாடல்கள் பெரும்பாலும் கருநாடக இசையை ஒட்டியிருந்தன. இவர்கள் இராகங்களைக் கைவிடவில்லை. அவற்றின் மேல் அக்கார்டியன், பியானோ, கிதார், பாங்கோ, டிரம்சு போன்ற மேலைக் கருவிகளைப் பரப்பினர். பாடலின் சொற்கள் தெளிவாகக் கேட்கும்படி மெட்டை எளிதாக்கினர். மெல்லிசை என்ற சொல் திரையிசையைக் குறிக்கப் பரவியதில் இவர்களின் பங்கு பெரிது. 1963 இல் சென்னை திருவல்லிக்கேணியைச் சேர்ந்த பண்பாட்டு அமைப்பு ஒன்று நடத்திய விழாவில் நடிகர் சிவாஜி கணேசன் இவர்களுக்கு மெல்லிசை மன்னர்கள் என்ற பட்டத்தை வழங்கினார்.

இருவரில் யார் எதைச் செய்தார் என்பதே இவ்விணையைப் பற்றிய முதன்மையான கேள்வியாகும். விசுவநாதன் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து, பாடிக்காட்டி மெட்டமைப்பவர். ராமமூர்த்தி வயலின் கலைஞர். இராக இலக்கணத்திலும் நரம்பிசைக் கருவிகளைக் கையாளுவதிலும் ஆழ்ந்த அறிவுடையவர். இதனை வைத்து, மெட்டு ஒருவருடையது, வாத்திய அமைப்பு மற்றவருடையது என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் உண்டு. இப்பிரிப்பு முழுமையானதன்று. ராமமூர்த்தியும் மெட்டமைத்தவரே என்பதற்கு அவர் பின்னாளில் தனித்து இசையமைத்த படங்கள் போதிய சான்று. விசுவநாதனும் வாத்திய அமைப்பில் வல்லவர் என்பதற்கு 1965க்குப் பிந்திய அவரது பாடல்கள் சான்று.

எனினும், வேலை நடந்த முறை புகழ் சேரும் திசையைத் தீர்மானித்தது எனலாம். அக்காலத்தில் இயக்குநரும் பாடலாசிரியரும் படத் தயாரிப்பாளரும் இசையமைப்பாளரும் ஒன்றாக அமர்ந்தே பாடலை உருவாக்கினர். அந்த அமர்வில் பாடிக்காட்டுபவரே அனைவரின் கண்ணிலும் படுவார். கண்ணதாசனுடன் விசுவநாதன் கொண்டிருந்த நட்பும், மெட்டுக்கும் சொல்லுக்கும் இடையே அவர்கள் நடத்திய செல்லச் சண்டைகளும் பத்திரிகைகளுக்கும் மேடைகளுக்கும் ஏற்ற கதைகளாயின. இசைக்குழுவுக்குள் நின்று வயலின் வரிசையைச் சீர்படுத்துபவரைப் பற்றி அத்தகைய கதைகள் எழுவதில்லை.

பிரிவு

பி. ஆர். பந்துலு இயக்கத்தில் 1965 சூலையில் வெளியான ஆயிரத்தில் ஒருவன், இவ்விருவரும் இணைந்திருந்த காலத்தின் இறுதிப் பெருவெற்றியாகும். அடுத்த மாதம் வெளிவந்த கலங்கரை விளக்கம் படத்தில் இசை என்ற இடத்தில் எம். எஸ். விசுவநாதனின் பெயர் மட்டுமே இருந்தது.

பிரிவுக்கு இடையில் இருந்தவர்கள் மூட்டிய மனக்கசப்பு, புகழில் ஏற்றத்தாழ்வு எனப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. ஒற்றை நிகழ்ச்சியைக் காரணமாகக் காட்டும் கதைகளை அப்படியே ஏற்பதற்கில்லை. இருவரும் பின்னாளில் ஒருவரையொருவர் பொதுவில் தூற்றிக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்துக் கருத வேண்டும்.

பிரிந்த பின் மெல்லிசை மன்னர்கள் என்ற பன்மைப் பட்டம் மெல்லிசை மன்னர் என ஒருமையாயிற்று. இருவருமே அதனைத் தத்தம் பெயருக்கு முன் பயன்படுத்தினர். நடைமுறையில் அச்சொல் விசுவநாதனையே குறிக்கலாயிற்று.

தனித்தனிப் பாதைகள்

எம். ஜி. ஆர்., சிவாஜி கணேசன், ஏ. வி. எம். நிறுவனம், கே. பாலசந்தர் என முன்னணியில் இருந்த பலரும் விசுவநாதனையே தொடர்ந்து அழைத்தனர். அன்பே வா (1966), உயர்ந்த மனிதன் (1968), உலகம் சுற்றும் வாலிபன் (1973) ஆகியவை அக்காலத்து வெற்றிகள். சொல்லத்தான் நினைக்கிறேன் (1973), சிவகாமியின் செல்வன் (1974) போன்ற படங்களில் அவருடைய சொந்தக் குரலும் புகழ் பெற்றது. இசைக்குழு ஒன்றின் கதையைக் கூறும் நினைத்தாலே இனிக்கும் (1979) படத்துக்கு இசையமைத்தவரும் அவரே. மெல்லத் திறந்தது கதவு (1986) படத்தில் இளையராஜாவுடன் இணைந்து மீண்டும் கூட்டுப் பெயரில் பணியாற்றினார்.

ராமமூர்த்திக்குத் தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1966 இல் மட்டும் சாது மிரண்டால், மறக்க முடியுமா, தேன் மழை, மெட்ராஸ் டு பாண்டிச்சேரி ஆகிய படங்கள் அவரது இசையில் வெளிவந்தன. டி. ஆர். ராமண்ணா தம்முடைய நான் (1967), மூன்றெழுத்து (1968), தங்கச் சுரங்கம் (1969) ஆகிய படங்களுக்கு அவரைத் தொடர்ந்து பயன்படுத்தினார். நான் பெரும் வெற்றி பெற்றதுடன் அதன் பாடல்களும் நிலைத்து நின்றன. நீலகிரி எக்ஸ்பிரஸ் (1968), காதல் ஜோதி (1970) ஆகியவையும் குறிப்பிடத்தக்கவை. 1970களில் வாய்ப்புகள் அரிதாயின. இப்படங்களின் பாடல்களைக் கேட்டால் திறமைக் குறைவு இதற்குக் காரணமன்று என்பது விளங்கும். பெரிய நடிகர்களின் தொடர்ச்சியான படங்கள் அவருக்கு அமையவில்லை.

பிற இணைகளுடன் ஒப்பீடு

சங்கர் - ஜெய்கிஷன் இணையில் எந்தப் பாடலை யார் அமைத்தார் என்பதை வெளியிடாத மரபு இருந்தது. 1960களில் அவர்களுக்கிடையிலும் விரிசல் தோன்றியது. ஆயினும் கூட்டுப் பெயர் கைவிடப்படவில்லை. 1971 இல் ஜெய்கிஷன் மறைந்த பின்னரும் சங்கர் இரு பெயர்களையும் சேர்த்தே பயன்படுத்தினார். இதனால் ஒருவரின் பெயர் மற்றவரின் நிழலில் மறையும் நிலை ஏற்படவில்லை.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவில், ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும் யார் எழுதினாலும் லெனன் - மெக்கார்ட்னி என்றே பாடல்களை வெளியிட்டனர். அக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய பாடல்களுக்கு இசைத்தொகுப்புகளில் ஒன்றிரண்டு இடங்களே கிடைத்து வந்தன. குழு 1970 இல் கலைந்ததும் அவர் அதே ஆண்டில் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட தனித் தொகுப்பை வெளியிட்டுப் பெரும் வெற்றி பெற்றார். பெயர் வரிசைச் சிக்கலும் அங்கு எழாமல் இல்லை. 2002 இல் வெளியிட்ட நேரடி நிகழ்ச்சித் தொகுப்பில் மெக்கார்ட்னி 19 பாடல்களுக்குத் தம் பெயரை முன்னால் வைத்தபோது, மறைந்த லெனனின் மனைவி யோகோ ஓனோ தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. ராமமூர்த்தியின் நிலை ஹாரிசனின் நிலையினும் வேறுபட்டது. ஹாரிசனின் பாடல்கள் அவர் பெயரிலேயே வெளிவந்தன. ராமமூர்த்தியின் பங்கு எது என்று தனியே சுட்டிக்காட்டக்கூடிய ஏற்பாடு எதுவும் இல்லை.

மீண்டும் இணைதல்

முப்பது ஆண்டுகளுக்குப் பின், சந்தான பாரதி இயக்கிய எங்கிருந்தோ வந்தான் (1995) படத்துக்கு இருவரும் மீண்டும் இணைந்து இசையமைத்தனர். அதற்குள் திரையிசையின் போக்கு முற்றிலும் மாறியிருந்தது. இப்படம் பழைய வரவேற்பைப் பெறவில்லை.

2012 ஆகஸ்ட் 29 அன்று சென்னையில் நடந்த விழாவில் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா இருவருக்கும் திரையிசைச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தையும், தலா 60 பொற்காசுகளையும் ஒரு மகிழுந்தையும் வழங்கினார். ஜெயலலிதா கதாநாயகியாக நடித்த முதல் தமிழ்ப் படமான வெண்ணிற ஆடை (1965), இவ்விருவரும் இசையமைத்ததாகும். நடுவண் அரசின் பத்ம விருதுகளோ தேசியத் திரைப்பட விருதுகளோ இருவருக்குமே வழங்கப்படவில்லை.

ராமமூர்த்தி 2013 ஏப்ரல் 17 அன்று தமது 90 ஆம் வயதிலும், விசுவநாதன் 2015 சூலை 14 அன்று தமது 87 ஆம் வயதிலும் சென்னையில் காலமாயினர். புதுப்பிக்கப்பட்ட கர்ணன் 2012 மார்ச்சிலும், ஆயிரத்தில் ஒருவன் 2014 மார்ச்சிலும் திரையரங்குகளில் மீண்டும் வெளியிடப்பட்டு நூறு நாட்களுக்கும் மேலாக ஓடின. இவற்றுள் முதலாவது மறுவெளியீட்டின்போது மட்டுமே ராமமூர்த்தி உயிருடன் இருந்தார்.