வாயிலில் நிற்பவர்

கல்லூரிக்குள் நுழைந்து கற்பது ஒரு கலை. கல்லூரியின் வாயிலைக் கண்டுபிடிப்பது வேறொரு கலை. முன்னதைப் பற்றி நம் நாட்டில் நிரம்ப எழுதியிருக்கிறார்கள். பின்னதைப் பற்றி எழுதினோர், நாம் அறிந்தவரை, மிகச் சிலரே. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எந்த நாளுக்குள் விண்ணப்பம், பட்டம் பெற்றபின் எந்தத் தொழில் என்று ஒரு மாணவனுக்கு எடுத்துரைப்பவரைச் சேர்க்கை ஆலோசகர் என்றும் தொழில் வழிகாட்டி என்றும் இன்று அழைக்கிறோம். பல்கலைக்கழகங்களில் அவருக்கென ஓர் அறையும் மேசையும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் அந்த மேசை வருவதற்கு வெகுகாலம் முன்னரே அந்தப் பணி இருந்தது. அதனைச் செய்தவர் யார், பின்னர் அது யார் கைக்குச் சென்றது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும், நடுவே முல்லைப் பெரியாற்று நீர். 1895இல் பென்னிகுயிக்கின் அணை எழுந்து, மேற்கே ஓடிய ஆறு மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பிய பிறகு இப்பள்ளத்தாக்கு பச்சை வயலாயிற்று. இங்கு விளையும் பன்னீர்த் திராட்சையைத் தமிழகத்துக்கு 1832இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுக் குரு என்று சொல்லப்படுகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அக்கொடிக்கும் நம் மறைப்பணிக்கும் அப்படியோர் உறவு! ஆனால் வயல் செழித்த அளவுக்குக் கல்வி செழிக்கவில்லை. 1997ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தேனி தனி மாவட்டமாகும்வரை ஆட்சியர் அலுவலகம், வேலைவாய்ப்பு அலுவலகம், பல்கலைக்கழகம் என எல்லாமே மதுரையில்தான். கம்பத்திலிருந்து மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். 1928இல் போடிநாயக்கனூருக்கு வந்த இரயில் உலகப்போர்க் காலத்தில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு நின்றது; 1950களில் மீண்டது; அகலப் பாதைக்காக 2010 இறுதியில் மறுபடியும் நின்று 2023இல்தான் போடியை வந்தடைந்தது. இதைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. தூரத்தில் இருக்கும் வாயிலுக்கு வழிகாட்டி தேவை.

நம் இயேசு சபைத் தந்தையர் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய புனித வளனார் கல்லூரி 1883இல் திருச்சிக்கு மாறியது. பாளையங்கோட்டையில் புனித சவேரியார் கல்லூரி 1923இலும், சென்னையில் லொயோலா 1925இலும் எழுந்தன. மதுரையிலேயே அமெரிக்க மறைப்பணியாளரின் கல்லூரி 1881 முதல் இருந்தது. எனினும் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றின் கண் திருச்சியையே நோக்கியது. மதுரை தனி மறைமாவட்டமானது 1938இல். இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களில் ஓரளவு படித்த மகனைப் பெற்ற தந்தை முதலில் தேடிச் சென்றது பங்குத்தந்தையைத்தான். கல்லூரி அதிபருக்கு அவர் எழுதிக் கொடுக்கும் கடிதமே அன்றைய விண்ணப்பம். விடுதியில் இடமும் கட்டணச் சலுகையும் அக்கடிதத்தைச் சார்ந்தே அமைந்தன. அவருக்கும் முன்னே ஓர் உபதேசியார், பையன் கணக்கில் கெட்டிக்காரன் என்று சாமியாரிடம் சொல்லியிருப்பார். அந்த உபதேசியாரின் பெயர் எந்தக் கல்லூரி மலரிலும் அச்சாகவில்லை.

இதனை ஒரு பொற்காலம் என்று பாடிவிட நமக்கு விருப்பமில்லை. கோவில் முற்றத்துக்கு அருகில் இருந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கடிதம் எளிதாகக் கிடைத்தது. ஊரின் கடைக்கோடியில், சேரி என்று ஒதுக்கப்பட்ட தெருவில் இருந்த கிறிஸ்தவப் பிள்ளைக்கு அவ்வளவு எளிதாகக் கிடைத்ததா? ஒரே திருவிருந்தில் பங்குகொண்டோர் ஒரே வரிசையில் நிற்கவில்லை என்பது நம் வரலாற்றின் வடு. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடிதம் எழுதியவர் அதனால் ஒரு காசும் பெறவில்லை.

பள்ளத்தாக்கிலேயே கல்லூரி வந்தது 1956இல். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் நிறுவிய ஹௌதியா கல்லூரி அது. இசுலாமியப் பெருமகன் ஒருவரின் கொடையில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பட்டதாரிகளாயினர் என்பதை நன்றியுடன் நினைவுகூர்வோம். பெண்களின் நிலை வேறு. மதுரையில் லேடி டோக் கல்லூரி 1948இலும், புனித வளனார் சபைக் கன்னியரின் பாத்திமா கல்லூரி 1953இலும் வந்துவிட்டபோதிலும், பருவம் அடைந்த மகளைப் பேருந்தில் ஏற்றி மதுரைக்கு அனுப்பத் துணிந்த பெற்றோர் எத்தனை பேர்? 1971இல் புனித அன்னாள் சபைச் சகோதரிகள் பெரியகுளத்தில் செயராஜ் அன்னபாக்கியம் கல்லூரியைத் திறந்தபோதுதான் அக்கேள்விக்கு விடை பிறந்தது எனலாம். அங்கும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தந்தையரின் மனத்தை மாற்றிய சகோதரிகளின் பணி எந்தச் சேர்க்கைக் குழுவின் பணியிலும் பெரிது.

இவ்வாறு கடிதத்தாலும் பேச்சாலும் நடந்துவந்த பணி ஒரு துறையாக வடிவெடுத்தது அமெரிக்காவில். 1908இல் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். குடியேறிய ஏழைகளின் பிள்ளைகள் கண்ணில் பட்ட முதல் வேலையில் விழுந்து வாழ்நாளை வீணாக்குவதைக் கண்டு மனம் நொந்தவர் அவர். உன்னை அறி, தொழிலை அறி, இரண்டையும் பொருத்திப் பார் என்பதே அவர் முறை. அவ்வாண்டே அவர் இறந்தார். அவருடைய நூல் 1909இல் வெளிவந்தது. நம் நாட்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1938இல் இப்பணியில் இறங்கியது. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1945இல் உண்டான வேலைவாய்ப்பு அலுவலகங்கள் பின்னர் அனைவருக்கும் திறக்கப்பட்டன. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு 1952-53இலும், கோத்தாரி குழு 1964-66இலும் மாணவர் வழிகாட்டலை வலியுறுத்தின. பல்கலைக்கழகங்களில் வேலைவாய்ப்புத் தகவல் மையங்கள் தோன்றின. 1966இல் பிறந்த மதுரைப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியாலும் பள்ளத்தாக்கின் ஆசிரியர்களையும் எழுத்தர்களையும் பட்டதாரிகளாக்கியது. ஆயினும் பல்கலை நகரின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் தாளைச் சின்னமனூர் மாணவன் எங்ஙனம் காண்பான்?

இத்துறைக்கு ஆங்கிலத்தில் இட்ட பெயரே நமக்குச் சிந்தனை தருகிறது. ‘வொக்கேஷன்’ என்னும் சொல்லைத் தொழில் என்று உலகம் பெயர்க்கிறது. திருச்சபை அழைத்தல் என்று பெயர்க்கிறது. குருமடத்துக்கு அழைத்தல் பெற்றதாக ஒரு சிறுவன் சொன்னால், நாம் அவனை எவ்வளவு கவனத்தோடு நடத்துகிறோம்! அழைத்தல் முகாம், ஆண்டுக்கணக்கான பயிற்சி, ஆன்ம குரு, தன்னைத் தேர்ந்து தெளிய அவகாசம். 1964 முதல் திருச்சபை அதற்கென ஓர் உலக மன்றாட்டு நாளையே கொண்டாடுகிறது. அவனோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த மற்றவனோ, தேர்வு முடிவு வந்த வாரத்தில் எவரோ சொன்னதைக் கேட்டு எங்கோ சேருகிறான். இல்லறத்தாரின் வாழ்வும் அழைத்தலே என்று போதித்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை நாம் ஏட்டில் மட்டும் ஏற்றோமோ என்னும் ஐயம் எழுகிறது.

அழைத்தலைத் தேர்பவனுக்குத் துணை நிற்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548இல் ஒப்புதல் அளித்த புனித இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகளில் இதற்கொரு விதி உண்டு. பயிற்சி தருபவர் ஒரு பக்கமும் சாயாமல், தராசின் முள்ளைப்போல் நடுவில் நின்று, படைத்தவர் தம் படைப்போடு நேரே உறவாட விட்டுவிட வேண்டும் என்பது அதன் கருத்து. ஏலக்காய் எடைபோடும் போடிநாயக்கனூராருக்குத் தராசைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. தட்டில் விரல் பட்டால் என்னவாகும் என்பதை அவர்கள் நன்கறிவார்கள்.

அவருடைய சபையிலேயே இப்பணிக்கு வியத்தகு சான்று ஒன்று உண்டு. ஸ்பெயின் நாட்டுச் செகோவியாவில் கம்பளி வணிகராக இருந்த அல்போன்ஸ் ரொட்ரிகஸ், மனைவி மக்களை இழந்து, வணிகமும் நொடித்து, நடுவயதில் இயேசு சபையின் கதவைத் தட்டினார். சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் கற்க முயன்றும் இயலவில்லை. 1571இல் உதவிச் சகோதரராக ஏற்கப்பட்டு, மயோர்க்கா தீவின் பால்மா நகரக் கல்லூரியில் வாயிற்காவலராகப் பல பத்தாண்டுகள் பணியாற்றினார். தாம் எட்ட முடியாத கல்வியின் கதவைப் பிறருக்குத் திறந்துவிடுவதே அவர் வேலை. 1605இல் அக்கல்லூரிக்கு வந்த இளைஞர் பீட்டர் கிளேவர், எதிர்காலம் பற்றித் தெளிவின்றி இருந்தார். பேராசிரியர்களைக் காட்டிலும் அவர் நாடியது இந்த வாயிற்காவலரைத்தான். தென் அமெரிக்காவுக்குச் செல், அங்கே ஆன்மாக்கள் காத்திருக்கின்றன என்று முதியவர் அவரைத் தூண்டினார். 1610இல் கப்பலேறிய கிளேவர், கார்த்தகேனாத் துறைமுகத்தில் ஆப்பிரிக்க அடிமைகளுக்குத் தொண்டு செய்தே 1654இல் உயிர்நீத்தார். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1888இல் ஒரே நாளில் இருவரையும் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். அல்போன்ஸ் தராசு முள்போல் நிற்கவில்லையே, தூண்டினாரே என்று வாசகர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அவர் ஆன்மப் பயிற்சி தந்தவர் அல்லர், நண்பர். தவிர, கிளேவர் போனதால் அவருக்குக் கிடைத்தது பிரிவு மட்டுமே.

இன்றைய ஆலோசகரின் இக்கட்டு இங்கேதான் தொடங்குகிறது. 1978இல் மேனிலைப் படிப்பு வந்தது. 1984 முதல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. இடங்களுக்காக மாணவர் ஏங்கிய நிலை மாறி, மாணவருக்காக இடங்கள் காத்திருக்கும் நிலை வந்தது. ஒரே மேசையில் அமர்ந்தவர் நிறுவனத்தின் இடங்களை நிரப்பவும் வேண்டும், எதிரே இருக்கும் பிள்ளைக்கு நல்லதைச் சொல்லவும் வேண்டும். இத்தகைய மேசையில் அமர்ந்து பழகிய நமக்கு அச்சங்கடம் புதிதன்று. இந்தப் படிப்பு உனக்கு ஆகாது, பக்கத்துக் கல்லூரிக்குப் போ என்று சொல்ல வேண்டிய நாளில்தான் நிர்வாகம் எண்ணிக்கையைக் கேட்கும். மேசைக்கு வெளியே தரகர்கள். தேர்வு முடிவு வெளியானதும் ஊர் ஊராக வந்து, அண்டை மாநிலத்துச் செவிலியர் கல்லூரிகளுக்கு ஆள் சேர்ப்போரை நம் பள்ளத்தாக்கு அறியும். விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டம் செல்லும் தாய், தலைக்கு இவ்வளவு என்று தரகு பெறுபவனை எப்படி இனங்காண்பாள்? 2001இல் வங்கிகளின் கல்விக்கடன் திட்டம் வந்தபின், தவறான ஆலோசனையின் விலை கடன் பத்திரமாகவே வீட்டுக்கு வந்தது.

அரசு சும்மா இருக்கவில்லை. 1997இல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது; இரவுப் பேருந்தில் சென்னை சென்று, திரையின் முன்னே சில நிமிடங்களில் வாழ்க்கையைத் தேர்ந்துகொண்டு திரும்பிய தலைமுறை அது. 2018 முதல் அது இணையவழி ஆயிற்று. 2022இல் நான் முதல்வன், கல்லூரிக் கனவு ஆகிய திட்டங்களும், பின்னர் கல்லூரியில் சேராது நின்றோரைத் தேடும் உயர்வுக்குப் படியும் வந்தன. பங்குத்தந்தையின் கடிதம் எட்டாத தெருவுக்கும் இவை செல்கின்றன என்பதில் நமக்கு உள்ளபடியே மகிழ்ச்சி.

எனினும் இளங்கலை முடித்தபின் என்ன என்னும் கேள்வி இன்னும் இருட்டில்தான். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. பயில்வதற்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடைபெறும். அதற்கான விண்ணப்பமோ முந்திய ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே முடிந்துவிடும். 2009இல் தோன்றிய திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர வேண்டுமானால், அதற்குரிய பொதுத் தேர்வும் பட்டத் தேர்வுக்கு முன்னரே வந்துவிடுகிறது. நம் மாணவியோ பட்டத் தேர்வின் முடிவு வந்தபின், சூன் மாதத்தில், மதிப்பெண் பட்டியலோடு வந்து நிற்கிறாள். கணிதத்தில் அவளுக்கு நிகர் அவள் வகுப்பில் இல்லை. ஆனால் கதவு எட்டு மாதங்களுக்கு முன்பே மூடிவிட்டது. அவளிடம் அதைச் சொல்வதே இப்பணியின் மிகக் கடினமான நேரம். அடுத்த ஆண்டு எழுதலாம் என்கிறோம். வீட்டில் அதற்குள் வரன் பார்த்துவிடுவார்கள்.

வறியவராயினும் உண்மையான திறமை உள்ள மாணவர்க்கு, குறிப்பாகப் புதிதாக எழும் நாடுகளின் மாணவர்க்கு, உயர்கல்வியின் வாயில் எளிதில் திறக்க வேண்டும் என்று 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28இல் வெளியான கிறிஸ்தவக் கல்வி பற்றிய சங்க அறிக்கை கூறுகிறது. அதனை நிறைவேற்ற எல்லாப் பங்கிலும் ஓர் அலுவலகம் திறக்க வேண்டும் என நாம் கேட்கவில்லை. தெரிந்தவர் ஒருவர், தரகு பெறாதவர், ஓய்வுபெற்ற ஆசிரியரோ வேலையில் இருக்கும் பட்டதாரியோ, ஆகஸ்டு மாதத்தில் ஒருமுறை பங்கின் மூன்றாம் ஆண்டுக் கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்தால் போதும். கலியாண ஓலையை மூன்று ஞாயிறுகள் வாசிக்கிறோம். அதன் பின்னே, ஜாம் விண்ணப்பம் இந்த நாளில் தொடங்குகிறது, இந்த நாளில் முடிகிறது என்று வாசிக்க அரை நிமிடம் ஆகும்.