பத்து ரூபாய் சட்டமும் ஒன்பது லட்சம் டாலர் நடராசரும்

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் பள்ளிக்கூட டூரில் போகாதவர்கள் நம் பக்கத்தில் ரொம்பக் குறைவு. டிக்கெட் வாங்கி, வரிசையாக நிற்கும் கற்சிலைகளைப் பார்த்து, திருவெண்காட்டு ரிஷபவாகனர் முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வெளியே வந்திருப்போம். இதற்கெல்லாம் யார் காசு போட்டார்கள் என்று கேட்டிருக்க மாட்டோம். பி.காம். படிக்கிறவனுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது, என்ன செய்ய!

கதை 1951-ல் ஆரம்பிக்கிறது. கரந்தையில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பிரம்மன் கற்சிலையைக் கொண்டுபோக, கல்கத்தா அருங்காட்சியகத்திலிருந்து வந்த ஒருவர் மாவட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டார். அதுவரை பிரம்மனைத் திரும்பிக்கூடப் பார்க்காத ஊர், உடனே கொடுக்க மாட்டோம் என்று கிளம்பிவிட்டது (நம்ம ஊர் குணம்!). கலெக்டராக இருந்த டி.கே. பழனியப்பன் ஐ.சி.எஸ். அந்த எதிர்ப்பையே பிடித்துக்கொண்டார். அரண்மனையிலேயே கலைக்கூடம் தொடங்கினார். கட்டடம் ஏற்கெனவே நாயக்கர்களும் மராட்டியர்களும் கட்டி வைத்தது. சிலைகள் மாவட்டம் முழுக்க, சிதைந்த கோயில்களில் கிடந்தன. தாராசுரத்து கஜசம்ஹாரமூர்த்தியும் பிட்சாடனரும் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள்.

கலெக்டர் என்ற பதவிக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணுக்குள் கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு அதை எடுத்துக்கொள்ள நினைத்தால், பொருளில் உள்ள உலோகத்தின் விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் கொடுத்தால் போதும். அதாவது 50 கிலோ சிலை என்றால் 50 கிலோ உலோகத்தின் விலை, கூட 20 சதவீதம். ஸ்தபதியின் கைவேலை, ஆயிரம் வருஷப் பழமை எல்லாம் அந்த 20-க்குள் அடக்கம்! எந்த மானியமும் இவ்வளவு மலிவாகச் சிலை சேர்த்துக் கொடுக்காது.

ஆக, கணக்குப் புத்தகத்தில் முதலினச் செலவு கிட்டத்தட்ட இல்லை. ஆனால் காவல், பூட்டு, போட்டோ, பதிவேடு, ஒழுகாத கூரை என்று வருவாயினச் செலவு இருக்கிறதே, அது வருஷா வருஷம் வரும். அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். அதே 1951-ல், அதே தஞ்சை மாவட்டத்தில், கும்பகோணம் பக்கத்துச் சிவபுரத்தில் வயலில் ஆறு வெண்கலச் சிலைகள் கிடைத்தன. அவை ஊர்க் கோயிலுக்கே கொடுக்கப்பட்டன. சில வருஷத்தில் நடராசர் பழுது பார்க்கக் கும்பகோணம் போனார். திரும்பி வந்தது போலி. ஊரில் யாருக்கும் தெரியவில்லை. 1965-ல் பிரிட்டிஷ் மியூசியத்தின் டக்ளஸ் பாரெட் தன் சோழர் வெண்கலப் புத்தகத்தில், கோயிலில் இருப்பது போலி என்று எழுதினார். அசல் நடராசரை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் 9 லட்சம் டாலருக்கு வாங்கினார். வழக்கு, சமரசம் எல்லாம் முடிந்து 1986-ல்தான் நடராசர் இந்தியா திரும்பினார்.

சரி, பராமரிப்புச் செலவை யார் தருவது? இதற்கும் நம் ஊரிலேயே பழைய விடை இருக்கிறது. பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் கணக்கு. தினம் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். சாவா மூவாப் பேராடு என்று அதற்குப் பெயர். கிழடு செத்தால் குட்டி அதன் இடத்துக்கு வந்துவிடும், முதல் குறையாது. இன்றைக்கு 'கார்ப்பஸ் ஃபண்ட்' என்று நமக்குப் பாடம் நடத்துகிறார்களே, அதேதான்.

1918-ல் கலைக்கூடத்தின் பக்கத்து வீடான சரசுவதி மகாலுக்கும் இதே வழிதான் யோசிக்கப்பட்டது. மராட்டிய அரச குடும்பத்தினர் நூலகத்தின் மீதிருந்த உரிமையை விட்டுக்கொடுத்ததோடு, பராமரிப்புக்கு ஒரு லட்ச ரூபாயும் கொடுத்தார்கள். 5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 5,000 ரூபாய். அந்தக் காலத்தில் நல்ல பணம். இப்போது ஒரு காவலாளியின் ஒரு மாதச் சம்பளத்துக்கே காணாது. ஆடு குட்டி போடும், விலைவாசி ஏறினால் நெய்யின் விலையும் சேர்ந்து ஏறும். ரூபாய் அப்படியேதான் இருக்கும். கடைசியில் மத்திய, மாநில அரசுகளின் ஆண்டு மானியத்தைத்தான் நம்ப வேண்டியதாயிற்று. 1983-ல் சரசுவதி மகால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது.

இந்த அந்தஸ்து கிடைக்காத இடங்கள்தான் டெல்டாவில் அதிகம். காவல் வைக்க வழியில்லாத சின்னக் கோயில்களின் உற்சவர்கள், திருவாரூரில் கோயிலுக்குள் இருக்கும் பாதுகாப்பு மையத்தில் கம்பிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறார்கள். திருட்டுப் பயத்துக்கு அது சரியான ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் திருவிழாவுக்கு எழுந்தருள வேண்டுமென்றால் அங்கே போய்த்தான் சாமியைக் கேட்டு வாங்கி வர வேண்டும். முடிந்ததும் திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டும். கலைக்கூடத்தில் போல டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் நின்று பார்க்கவும் முடியாது.