மோலிக்பாக்: இரண்டு கடல்கள் கண்ட எஃகுக் கூடு

1984-ல் ஜப்பானில் கட்டி முடித்த எண்கோண எஃகுக் கூடு அது. அடிப்பக்கம் ஏறக்குறைய 111 மீட்டர் அகலம். நடுவே வெறும் குழி. கனடாவின் பியூஃபோர்ட் கடலுக்கு இழுத்துச் சென்று, 1985-ல் அமாலிகாக் என்ற எண்ணெய்க் களத்தில் கடலடி மணல் மேட்டின்மேல் அமர்த்தினார்கள். நடுக்குழியையும் மணலால் நிரப்பினார்கள். பனி தள்ளும்போது கூட்டை நகராமல் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த மணல்தான்.

1986 ஏப்ரல் 12 அன்று, பல கோடைகளில் கரையாமல் தப்பித் தடித்துப்போன பனிப்பாளம் ஒன்று வந்து மோதியது. மோலிக்பாக் முழுவதும் குலுங்கியது.

மோதிய வேகம் மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. பனி வேகமாக வந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக நொறுங்கும். அதிர்வு சிறிதாகவே இருக்கும். மெல்ல வந்தால் சுவரை அழுத்தி அழுத்திப் பின்னுக்குச் சாய்க்கும், பிறகு உடையும், சுவர் விடுபட்டு முன்னே திரும்பும். ஆபத்து இரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தில்தான். அப்போது கட்டுமானத்தின் இயல்பான ஆட்டத்தோடு பனி நொறுங்கும் தாளமும் ஒத்துப்போய்விடும். சுவரின் நீளம் முழுக்கப் பனி ஒரே நேரத்தில் நொறுங்கும். ஒவ்வொரு நொறுங்கலும் அடுத்த ஆட்டத்துக்குத் தள்ளுவிசை தரும். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவதுபோல. தனக்கு எதிரான பனியின் தாளத்தைக் கட்டுமானமே வகுத்துக்கொடுக்கிறது என்பதுதான் இதில் என்னை மலைக்க வைப்பது.

அன்று பெரிய அடி விழுந்தது மணலுக்கு. நீர் ஊறிய தளர்ந்த மணலைத் திரும்பத் திரும்ப உலுக்கினால் மணிகளுக்கிடையே நீரின் அழுத்தம் ஏறும். மணிகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடி நழுவும். நிலநடுக்கத்தில் தரை குழம்பாவதும் இப்படித்தான். நடுக்குழி மணலில் ஒரு பகுதி அப்படிக் குழம்பியது. கூடு இடம்பெயரவில்லை. பனி தள்ளிய விசைக்கு அப்போது போட்ட கணக்கு, பிற்கால மறுஆய்வுகளில் வெகுவாகக் குறைந்தது, பாடம் குறையவில்லை. அடுத்த களத்தில் நிரப்பிய மணலை வெடிவைத்து இறுக்கினார்கள்.

1998-ல் ரஷ்யாவின் சகலின் தீவுக்குப் பயணம். அங்கே நீர் ஆழம் சுமார் 30 மீட்டர் என்பதால், கூட்டின் அடியில் தனி எஃகுப் பீடம் பொருத்தினார்கள். 1999-ல் எண்ணெய் வந்தது. ஆனால் எண்ணெயைச் சேமித்து வைத்த கப்பல் பனிக்காலத்தில் அங்கே நிற்க முடியாது. அதனால் குழாய்ப்பாதை வந்து சேர்ந்த 2008 வரை, கடல் உறையாத மாதங்களில் மட்டுமே எண்ணெய் எடுத்தார்கள்.