மிதிவண்டியிற் பிறந்த மோட்டார் கார்

ஒரு தாயின் அச்சத்திலிருந்து ஒரு கார் பிறந்த கதையை இன்று கூறப்போகிறேன்.

பாரிஸ் நகரை அடுத்த பியூட்டோ என்னும் ஊரில், 1920 களில், ஷார்ல் மொஷே என்பவர் சிறு வண்டிகளை ஆக்கி விற்றுவந்தார். அவர் மகன் ஜோர்ஜ் துவிச்சக்கரவண்டி ஒன்று கேட்டான். அது ஆபத்தானது என்று தாய் மறுத்தாள். ஆகவே தந்தை, காலால் மிதித்து ஓட்டும் நான்கு சில்லு வண்டியொன்றை மகனுக்குச் செய்து கொடுத்தார். சிறுவனோ அதில் ஏறித் துவிச்சக்கரவண்டிகளையெல்லாம் முந்தினானாம்! பின்னர் பெரியவர் இருவர் அமரக்கூடிய 'வெலோகார்' விற்பனைக்கு வந்தது.

அதன் பாதிபோல, சாய்ந்திருந்து மிதிக்கும் இரு சில்லு வண்டியொன்றையும் மொஷே அமைத்தார். 1933 யூலை 7 ஆம் நாள் பிரான்சிஸ் போர் என்ற வீரர் அதிலேறி ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீற்றர் ஓடினார். ஒஸ்கார் எக் 1914 இல் நாட்டிய சாதனை வீழ்ந்தது. ஆனால் சர்வதேசத் துவிச்சக்கரவண்டிச் சங்கம் 1934 இல், இது துவிச்சக்கரவண்டியே அன்று எனத் தீர்த்துவிட்டது. ஓட்டத்தில் வெல்ல முடியாதவர்கள் சொல்லின் பொருளைத் திருத்தி வென்றார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. மொஷே அவ்வாண்டிலேயே காலமானார்.

1940 இல் ஜேர்மனியர் பிரான்சைக் கைப்பற்றினர். பொதுமக்களுக்குப் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. மிதித்து ஓடும் வெலோகாருக்கு அப்போது பெருங்கிராக்கி. போர் முடிந்த பின்னும் உருக்குக்கும் பெற்றோலுக்கும் பஞ்சம். பெற்றோற் பங்கீடு 1949 வரை நீடித்தது. 1948 இல் பாரிஸ் கண்காட்சியில் சித்ரோயன் தன் மலிவான 2 சீ.வீ. காரைக் காட்டியது, அதைப் பெறவோ ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த இடைவெளியிலேதான் ஜோர்ஜ் நுழைந்தார். மிதியை நீக்கி, மோட்டார் சைக்கிளுக்குரிய 125 கன சென்ரிமீற்றர் எஞ்சினைப் பூட்டினார். தந்தையின் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு 'சீ.எம். 125' என அதற்குப் பெயரிட்டார். அந்த அளவுக்குட்பட்ட எஞ்சினுடைய வண்டியை ஓட்டச் சாரதி அநுமதிப்பத்திரம் தேவையில்லை என்பது அக்காலப் பிரெஞ்சுச் சட்டம். பரீட்சைக்கு அஞ்சியவர்களும், பெரிய கார் வாங்க வகையற்றவர்களும் அதை நாடினர். குடும்பத்தோடு செல்ல அதில் இடமில்லை, வேகமும் சொற்பம். ஆயினும் மழையில் நனைந்து சைக்கிள் மிதித்தவனுக்கு அதுவே பெரும் பேறன்றோ?

உண்மையான கார்கள் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் இச்சிறு வண்டிகளுக்கு வேலையில்லாது போயிற்று. 1950 களின் முடிவோடு மொஷேயின் காரும் மறைந்தது. எனினும், முழுமையான அநுமதிப்பத்திரம் இன்றி ஓட்டத்தக்க சிறு கார்கள் பிரான்சில் இன்றும் ஓடுகின்றன. 2014 முதல், சிறு பயிற்சி பெற்ற 14 வயதுப் பிள்ளைகளும் அவற்றை ஓட்டலாம்.