தந்தையர் கேட்ட இசை, பிள்ளைகள் கேட்கும் இசை: 'றஷ்' குழுவின் அரை நூற்றாண்டு

கலையொன்று அடுத்த தலைமுறையைச் சென்றடைவது எவ்வாறு என்னும் கேள்வி, புலம்பெயர்ந்து வாழும் எமக்கு வெறும் ஆராய்ச்சிக் கேள்வியன்று. வீட்டுக்கு வீடு எழுகின்ற கேள்வியாகும். நாம் விரும்பிக் கேட்ட பாடல்களைப் பிள்ளைகள் கேட்பதில்லை. அவர்கள் காதிற் பொருத்திக்கொண்டு கேட்பது இன்னதென்று எமக்கும் தெரிவதில்லை. இம்முறைப்பாட்டை எம்மவர் ஒன்றுகூடும் இடமெல்லாம் கேட்கலாம்.

இதற்கு விடை தேடப் புகுவோர் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. றிச்மண்ட் ஹில்லின் ஊடாகச் செல்லும் யங் வீதியில் தெற்கு நோக்கிச் சென்றால் வில்லோடேல். வடக்கு நோக்கிச் சென்றால் நியூமார்க்கற். இவ்விரண்டு ஊர்களோடும் தொடர்புடையது 'றஷ்' என்னும் கனடிய றொக் இசைக்குழுவின் வரலாறு. 1968இல் தொடங்கிய அக்குழுவின் இசையைத் தந்தை ஒரு காரணத்துக்காகவும் மகன் வேறொரு காரணத்துக்காகவும் கேட்டார்கள். அந்த வேறுபாட்டிலேதான் எமக்கான பாடம் உண்டு என்பது எனது கருத்து.

அகதிகளின் பிள்ளைகள்

குழுவின் பாடகரும் பேஸ் கிற்றார் கலைஞருமான கெடி லீ 1953இல் ரொறன்ரோவிற் பிறந்தவர். அவரது பெற்றோர் போலந்து நாட்டு யூதர்கள். இரண்டாம் உலகப் போரின்போது நாசிகளின் கட்டாய வேலைமுகாமில் இளம் வயதிற் சந்தித்துக்கொண்ட அவ்விருவரும் அவுஸ்விற்ஸ் வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பின்னர் பிரிக்கப்பட்டுத் தந்தை டாகாவ் முகாமுக்கும், தாய் பேர்கன்-பெல்சன் முகாமுக்கும் அனுப்பப்பட்டனர். 1945இல் விடுதலை கிடைத்ததும் தந்தை தேடியலைந்து தாயைக் கண்டடைந்தார். அகதிமுகாமிலேயே அவர்களது திருமணம் நடந்தது. அதன்பின் கனடா வந்து, நியூமார்க்கற்றில் ஒரு பல்பொருட் கடையை நடத்தினர். 1965இல் தந்தை காலமானபோது மகனுக்கு வயது 12. தாயார் மேரி வைன்றிப் கடையைத் தாமே பொறுப்பேற்று மூன்று பிள்ளைகளையும் வளர்த்தெடுத்தார்.

மகனுக்கு இட்ட பெயர் 'கரி'. தாயின் போலந்து உச்சரிப்பில் அது 'கெடி' என ஒலித்தது. நண்பர்கள் அவ்வாறே அழைக்க, அதுவே மேடைப் பெயராகவும் நிலைத்தது. கிற்றார் கலைஞர் அலெக்ஸ் லைவ்சன், யூகோஸ்லாவியாவிலிருந்து குடிபெயர்ந்த சேர்பியப் பெற்றோரின் மகன். அவரது குடும்பப் பெயருக்கு 'வாழ்வின் மைந்தன்' என்று பொருள். அதனை ஆங்கிலமாக்கியே 'லைவ்சன்' என்று வைத்துக்கொண்டார். பாடசாலைப் பதிவேட்டில் எமது பிள்ளைகளின் பெயர்கள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இது புதுமையான செய்தியன்று.

முதலாம் தலைமுறை: புறநகர்ச் சிறுவர்கள்

1968இல் வில்லோடேலில் ஓர் அங்கிலிக்கன் தேவாலயத்தின் நிலவறையில் இளைஞர்களுக்கென நடத்தப்பட்ட கூடத்திலேதான் இக்குழு முதன்முதலில் வாசித்தது. பின்னர் உயர்பாடசாலை மண்டபங்கள். 1971இல் ஒன்ராறியோ மாகாணம் மது அருந்தும் வயதெல்லையை 21இலிருந்து 18ஆகக் குறைத்ததும், நகரின் மதுச்சாலைகள் இளைஞர்களால் நிறைந்தன. இக்குழுவுக்கும் கிழமை தவறாத வேலை கிடைத்தது. சட்டமொன்றின் திருத்தம் ஓர் இசைக்குழுவை வளர்த்தது என்பது வரலாற்று மாணவர்கள் குறித்துக்கொள்ளத்தக்கது.

அக்காலத்தில் அலன் கிங் என்னும் கனடிய நெறியாளர் எடுத்த ஆவணப்படமொன்றில், படிப்பை விட்டுவிட்டு இசையையே தொழிலாகக் கொள்ளப்போவதாகப் பெற்றோருடன் வாதிடும் பதின்பருவ லைவ்சனைக் காணலாம். வாழ்நாளின் பெரும்பகுதியை வகுப்பறையிற் கழித்த எனக்கு அக்காட்சியிற் பெற்றோர் பக்கமே மனம் சாய்கிறது. வெறுங்கையோடு வந்தவர்கள் பிள்ளைக்குத் தரக்கூடிய ஒரே சொத்து கல்வியென்று நம்புவது இயல்பே.

1974இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் வானொலி நிலையமொன்றின் இசைப் பொறுப்பாளராயிருந்த டொனா ஹல்பர், 'வேர்க்கிங் மேன்' என்ற பாடலை ஒலிபரப்பினார். ஆலைகள் மிகுந்த அந்நகரின் தொழிலாளர்கள் அதனைத் தமது பாட்டாகவே கொண்டனர். அதே ஆண்டு ஜூலையில் முதல் டிரம் கலைஞர் ஜோன் றட்சி விலக, சென் கதறின்ஸ் நகரில் வளர்ந்த நீல் பியர்ட் அவ்விடத்துக்கு வந்தார். பாடல் வரிகளை எழுதும் பொறுப்பும் பெரும்பாலும் அவருடையதாயிற்று.

நியூமார்க்கற்றில் தாயார் மேரி என்ன செய்தார்? கடையின் கண்ணாடி யன்னல்களில் மகனது குழுவின் சுவரொட்டிகளை ஒட்டினார். காசில்லாமல் வந்து நின்ற பிள்ளைகளுக்கு இசைத்தட்டுகளை இலவசமாகவே கொடுத்தனுப்பினார்.

இரண்டாம் தலைமுறையும் பிணக்கும்

1975இல் வெளியான மூன்றாவது இசைத்தட்டு விற்கவில்லை. குறுகிய, எளிய பாடல்களையே தரவேண்டுமென்று வெளியீட்டு நிறுவனம் வற்புறுத்தியது. குழுவினரோ 1976இல், ஒரு பக்கம் முழுவதும் ஏறக்குறைய 20 நிமிடம் நீளும் ஒரே கதைப்பாடலைக் கொண்ட '2112' என்னும் இசைத்தட்டை வெளியிட்டனர். இசை தடைசெய்யப்பட்ட எதிர்கால உலகொன்றில் ஓர் இளைஞன் பழைய கிற்றாரொன்றைக் கண்டெடுப்பதே அதன் கதை. அக்காலத்து விமர்சகர்கள் பலர் கெடி லீயின் உச்சக்குரலை எள்ளி நகையாடினர். ஆயினும் தனிமையில் வாசிப்பதிலும் கற்பனை செய்வதிலும் நாட்டமுள்ள புறநகர் இளைஞர்கள் இக்குழுவைத் தமதாக்கிக்கொண்டனர்.

1981இல் வெளியான 'மூவிங் பிக்சர்ஸ்' அமெரிக்காவில் மாத்திரம் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையானது. அதிற் பாடல் வரிகளற்ற 'வை வை இஸெட்' என்னும் வாத்திய இசை ஒன்றுண்டு. ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்துக்குரிய குறியீடே அந்த மூன்று எழுத்துக்கள். எமது பயணப் பொதிகளிற் கட்டப்பட்டிருந்த துண்டுகளிலும் அவையே இருந்தன. அக்குறியீட்டின் மோர்ஸ் தந்தி ஒலியையே தாளமாக்கி, பத்து எண்ணிக்கை கொண்ட சுழற்சியில் அவ்விசை தொடங்குகிறது. வீடு திரும்புவதன் மகிழ்ச்சி அதிற் கேட்கிறது. நாம் அதே குறியீட்டோடு வந்திறங்கியது வீட்டை விட்டு.

அதற்கடுத்த 1982ஆம் ஆண்டில் மின்னியல் விசைப்பலகையின் ஓசை மேலோங்கியது. கிற்றாருக்காகவே குழுவைப் போற்றிய பழைய இரசிகர்கள் முணுமுணுத்தனர். சிலர் விலகியும் சென்றனர். ஆனால் 'சப்டிவிஷன்ஸ்' என்ற பாடலின் வழியாகப் புதியதொரு கூட்டம் உள்ளே வந்தது. ஒரே அச்சில் வார்த்த வீடுகளிடையே, கூட்டத்தோடு ஒட்டாமல் நிற்கும் பள்ளி மாணவனின் தவிப்பே அதன் பொருள். அதன் படக்காட்சிகள் எடுக்கப்பட்ட பாடசாலை, ஸ்காபரோவிலுள்ள லமோறோ உயர்பாடசாலை. பின்னாளில் எம்மவரின் பிள்ளைகள் பலர் கற்ற பகுதி அது. ஒட்டாமல் நிற்பதன் தவிப்பை அவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியிருந்திராது.

1984இல் வெளியான 'றெட் செக்டர் ஏ' என்ற பாடலின் பின்னணியில் தாயார் மேரியின் முகாம் நினைவுகள் இருந்தன. விடுதலை வந்தவேளை, முள்வேலிக்கு வெளியே மனித சமுதாயம் ஒன்று இன்னும் எஞ்சியிருக்கும் என்பதை நம்ப முடியாதிருந்ததென அவர் மகனிடம் கூறியிருந்தார். அதனைக் கேட்டறிந்த பியர்ட், நாடும் காலமும் குறிப்பிடாது அப்பாடலை எழுதினார். அதனாலேயே எந்த முள்வேலியைக் கண்டவரும் அதனைத் தம்முடையதாகக் கேட்க முடிகிறது.

மௌனமும் மீள்வருகையும்

1997இல் பியர்டின் ஒரே மகள் வீதி விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு மனைவியும் புற்றுநோயால் மறைந்தார். குழு மௌனமாயிற்று. 2002இல் அவர்கள் மீண்டும் மேடையேறியபோது எதிர்பாராத காட்சியொன்று காத்திருந்தது. அவ்வாண்டு நவம்பரில் பிறேசிலின் றியோ டி ஜெனீரோ நகரத்து மரக்கானா மைதானத்தில் ஏறக்குறைய 40,000 பேர் திரண்டனர். வரிகளே இல்லாத 'வை வை இஸெட்' இசையை அவர்கள் குரலெழுப்பிச் சேர்ந்து பாடினர்.

இதற்குள் பழைய இரசிகச் சிறுவர்கள் நடுவயதினராகி, திரைப்படக் கதாசிரியர்களாகவும் இசைக்கலைஞர்களாகவும் வளர்ந்துவிட்டனர். ஒருகாலத்தில் மறைத்துவைத்த விருப்பத்தை அவர்கள் இப்போது வெளிப்படையாகக் கொண்டாடினர். 2009இல் ஹொலிவூட் நகைச்சுவைப் படமொன்றில் குழுவினர் தாமாகவே தோன்றினர். 2010இல் அவர்களது வரலாறு கூறும் ஆவணப்படம் வெளிவந்தது. 1970களில் விமர்சகர்கள் ஒதுக்கிய குழு, 2013இல் அமெரிக்க றொக் இசைக் கீர்த்தி மண்டபத்தில் இடம்பெற்றது. அம்மேடையில் அவர்களை வரவேற்றவர்கள், அவர்களது இசையைக் கேட்டு வளர்ந்த 'ஃபூ ஃபைற்றர்ஸ்' குழுவினர். அரங்குகளிலோ தந்தையும் மகனும், தந்தையும் மகளும் அருகருகே நின்றனர்.

2015 ஆகஸ்ட் 1ஆம் நாள் லொஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது மூவரும் ஒன்றாக வாசித்த இறுதி நிகழ்ச்சி. 2020 ஜனவரி 7ஆம் நாள் நீல் பியர்ட் மூளைப் புற்றுநோயால் மறைந்தார். 2021 ஜூலையில் தாயார் மேரி 95ஆவது வயதிற் காலமானார். 2025 அக்டோபரில், ஜேர்மனியப் பெண் டிரம் கலைஞர் அனிக்கா நில்ஸுடன் மீண்டும் சுற்றுலா செல்லவிருப்பதை லீயும் லைவ்சனும் அறிவித்தனர். அனிக்கா பிறந்தது 1983இல். பியர்ட் குழுவிற் சேர்ந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து.

எமக்குரிய செய்தி

இவ்வரலாற்றிலிருந்து நான் பெறுவது இதுவே. கிளீவ்லண்ட் தொழிலாளி தன் உழைப்பின் களைப்பைக் கேட்டான். புறநகர் மாணவன் தன் தனிமையைக் கேட்டான். இன்று கைத்தொலைபேசியில் டிரம் பாடங்களைப் பார்த்துப் பழகும் பிள்ளை, பியர்டின் கைவேகத்தைக் கேட்கிறது. இசைத்தட்டு ஒன்றே, கேட்கும் காரணம் மூன்று. தான் கேட்ட காரணத்துக்காகவே தன் மகனும் கேட்கவேண்டுமென்று முதல் தலைமுறை பிடிவாதம் பிடித்திருந்தால், அவ்விசை அவர்களுடனேயே மூப்படைந்திருக்கும்.

எமது அளவெட்டி தவில் மேதை தெட்சணாமூர்த்தியை எண்ணிப்பாருங்கள். அவர் மறைந்தது 1975இல். திருவிழா இரவுகளில் விடியவிடிய அவரைக் கேட்டவர்களுக்கு அந்த ஒலிப்பதிவு ஊரின் நினைவு, கோயில் வீதியின் மணல். இங்கு பிறந்த பிள்ளைக்கு அந்த மணலைக் கொடுக்க எம்மால் இயலாது. ஆனால் ஐந்தும் ஏழுமாக எண்ணிக்கை பிரித்து விளையாடும் அந்தக் கைகளின் கணக்கை அப்பிள்ளை வியக்கக்கூடும். 'றஷ்' குழுவும் ஐந்திலும் ஏழிலும் தாளம் அமைத்ததே. அதனைக் கேட்டுப் பழகிய காது, பேவியூ வீதிப் பிள்ளையார் கோயிலிற் கேட்கும் தவிலின் மிஸ்ர நடையை இனங்காண நெடுநேரம் எடுக்காது.

அப்பிள்ளை ஊரை நினைக்காமல் கணக்கை மாத்திரம் வியந்தால் அது குறைந்த அன்பாகுமா? ஆகாது என்றே கருதுகிறேன். வாசல் எதுவாயினும் அது உள்ளே வருகிறது. உள்ளே வந்த பிள்ளை என்றோ ஒருநாள், இவர் எந்த ஊர், ஏன் அந்த ஊரை விட்டு வந்தோம் என்று தானாகவே கேட்கும்.

நியூமார்க்கற் கடையில் நின்ற அந்தத் தாய் வதைமுகாமிலிருந்து மீண்டவர். மகன் படித்துப் பட்டம் பெறவில்லை. அவன் தலைமயிர் வளர்த்து எழுப்பிய இரைச்சல் அவர் பிறந்த ஊரின் இசையுமன்று. இருந்தும் அவர் யன்னலிற் சுவரொட்டியை ஒட்டினார். அவரது வாழ்வின் கதையும் பின்னர் அந்த இரைச்சலுக்குள்ளேயே ஒரு பாடலாகி, உலகெங்கும் கேட்கப்பட்டது. எமது பிள்ளைகள் கேட்பது என்னவென்று நாம் ஒருதடவை அருகிலிருந்து கேட்டுப்பார்ப்போம். பின்னர் எம்முடையதில் ஒன்றை அவர்களுக்குப் போட்டுக் காட்டுவோம்.