மட்டாஞ்சேரியின் அல்லங்காடி

பகலில் கூடும் கடைத்தெருவை நாளங்காடி என்றும், இரவில் கூடுவதை அல்லங்காடி என்றும் நம் முன்னோர் வேறு பிரித்து வழங்கினர். கொச்சி நகரின் மட்டாஞ்சேரிக்கு நாம் சென்றிருந்தபோது இப்பாகுபாடே முதலில் நினைவுக்கு வந்தது. அவ்வூரைக் காண வருவோர் பலரும் அதன் நாளங்காடியை மட்டும் கண்டுவிட்டுப் பொழுது சாயுமுன் எறணாகுளம் திரும்பிவிடுகின்றனர்.

நாளங்காடியின் நடுவிடம் அரண்மனை முன்புள்ள சதுக்கம். கிழக்கே காயலும் படகுத்துறையும். மேற்கே போர்ச்சுகீசியர் 1555-ஆம் ஆண்டையொட்டிக் கட்டிக் கொச்சி மன்னருக்கு அளித்த அரண்மனை. 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் அதனைப் புதுப்பித்தனர். அவ்வளவில் பெயரும் அவர்களுடையதாகி, டச்சு அரண்மனை என்று நிலைத்துவிட்டது! கட்டியவனைக் காட்டிலும் செப்பனிட்டவனுக்கே புகழ் சேர்வதை உலகத்தில் வேறிடங்களிலும் காண்கிறோம். அரண்மனை வளாகத்தில் பழையன்னூர்ப் பகவதி கோயில். அதனை அடுத்தாற்போல் 1568-இல் எழுந்த யூதர் தொழுகைக் கூடம். கூடத்தின் மணிக்கூண்டு 1760-இல் எசக்கியேல் ரஹாபி என்னும் பெருவணிகர் எடுப்பித்தது. அதன் கடிகார முகங்களுள் ஒன்றில் எபிரேய எழுத்துகள், மற்றொன்றில் ரோமானிய இலக்கங்கள், இன்னொன்றில் மலையாள இலக்கங்கள். அவரவர் எழுத்தில் அவரவர் நேரம் பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனை மக்களை இங்கே இழுத்தது மிளகு. கொங்கணியர், குஜராத்தியர், கச்சி மேமன் வணிகர் எனப் பலரும் வந்து குடியேறினர். நம்மவரும் உளர். மேற்கே கோட்டைக் கொச்சியை ஒட்டிய வெளி என்னுமிடத்தில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. டச்சுப் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்தினின்று கொண்டுவரப்பட்டோரின் வழியினர் தாம் என்று அவர்கள் கூறுகின்றனர். டச்சுக்காரர் போய்விட்டனர், யூதர்களுள்ளும் இன்று எஞ்சியோர் மிகச் சிலரே. வெளியில் மட்டும் இன்றும் துணி காய்கிறது.

இனி, வழிகாட்டி நூல்கள் விரைந்து கடந்துவிடும் ஒரு செய்திக்கு வருவோம். 1920-இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கடல்முகத்து மணல்திட்டை அறுத்து வழி செய்தபின், 1928-இல் பெருங்கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. சரக்கு பெருகிற்று, சுமக்கும் கைகளும் பெருகின. ஆனால் அன்றாடம் வேலை கிடைக்கும் என்ற உறுதி எவருக்கும் இல்லை. விடியுமுன் கூலிகள் திரண்டு நிற்பர். ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து, கையிலுள்ள உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவான். பாய்ந்து, உருண்டு, பிறர் கையைப் பிடுங்கி ஒரு வில்லையைப் பற்றியவனுக்கு அன்றைக்கு வேலை. மற்றவன் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். நேற்றுவரை ஒரே திண்ணையில் படுத்துறங்கிய நண்பர் இருவர், இன்று ஒரு வில்லைக்காகப் புழுதியில் கட்டிப் புரளுவர்.

அவ்வில்லைக்குப் பெயர் 'சாப்பா'. சொல் நமக்குப் புதிதன்று. முத்திரை என்னும் பொருளில் இந்தியினின்று தமிழிலும் வந்து வழங்கியதே அது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கும் மட்டாஞ்சேரிச் சாப்பாவை முத்திரை என்று பெயர்த்தெழுத மனம் வரவில்லை. முத்திரை பண்டத்தின்மேல் குத்துவது. இங்கே அது மனிதனின் பசியின்மேல் எறியப்பட்டது.

இம்முறையை எதிர்த்துத் தொழிலாளர் சங்கங்கள் நெடுநாள் போராடின. திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியம் நிலவிய காலத்தில், 1953-இல், நீண்டதொரு வேலைநிறுத்தத்தின் முடிவில், செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். சைது, சைதலவி என்னும் தொழிலாளர் குண்டடிபட்டு மாண்டனர். ஆண்டனி என்பவரும் அப்போராட்டத்தில் உயிர் நீத்தார். கப்பல்துறைத் தொழிலாளரின் வேலையை ஒழுங்குபடுத்தும் மத்திய சட்டம் 1948-லேயே இயற்றப்பட்டுவிட்டது. கொச்சிக்கென அதன்கீழ்த் திட்டம் வந்தது 1959-இல்! இடைப்பட்ட 11 ஆண்டுகளின் விலையை அரசிதழ் எழுதுவதில்லை. 2023-இல் ராஜீவ் ரவி இயக்கி வெளிவந்த 'துறமுகம்' என்னும் மலையாளத் திரைப்படம் இவ்வரலாற்றையே பொருளாகக் கொண்டது.

விடியலில் வில்லைக்காக அடித்துக்கொண்ட அதே மனிதர்கள் இரவில் என்ன செய்தனர்? பாட்டுக் கேட்டனர். குஜராத்தி, கச்சி வணிகரோடும் தக்கினி உருது பேசும் குடும்பங்களோடும் இந்துஸ்தானி இசை இவ்வூருக்கு வந்து சேர்ந்திருந்தது. கல்யாண வீடுகளிலும் மாடியறைகளிலும் ஆர்மோனியமும் தபலாவும் வைத்து 'மெஹ்ஃபில்' நடைபெறும். வணிகரோடு வள்ளக்காரரும் மூட்டை தூக்குவோரும் அவையில் அமர்வர். 1926-இல் பிறந்த மெஹ்பூப் இவ்வவைகளின் கண்மணி. தக்கினி பேசும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. 1954-இல் வெளிவந்த 'நீலக்குயில்' படத்தில் பாடிக் கேரளமெங்கும் அறியப்பட்டவர். திரையுலகில் அவர் நிலைத்து நிற்கவில்லை. 1981-இல் மறையும் வரை கல்யாண வீடுகளே அவருக்கு மேடையாயின. அவருக்குப் பின் மட்டாஞ்சேரியினின்று எழுந்த உம்பாயி, மலையாளத்திலேயே கஜல் பாடிப் புகழ்பெற்று 2018-இல் மறைந்தார்.

நாம் சென்ற அன்று யூதத் தெருவின் கடைகள் இருட்டுமுன் அடைக்கப்பட்டுவிட்டன. சதுக்கத்தில் பேருந்துக்குக் காத்திருந்த நாலைந்து பேர் மட்டுமே. மேற்கே சந்துகளுக்குள் நடந்தோம். பிரியாணிக் கடை வாசலில் கூட்டம்; தேநீர்க் கடை பெஞ்சியில் பந்தாட்டப் பேச்சு. எங்கோ ஒரு மாடியில் ஆர்மோனியத்திற்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தனர். கீழே லுங்கியை மடித்துக் கட்டிய முதியவர் ஒருவர், தோள் துண்டைப் படிக்கட்டில் விரித்து அமர்ந்து, பாட்டுத் தொடங்கக் காத்திருந்தார். நாமும் அடுத்த படியில் இடம் பிடித்துக்கொண்டோம்.