கச்சு நாட்டுப் பனிக்காலப் பறவைகளும் ஒரு நூலும்

மழைக்காலத்தில் நீர் பரந்து, பனிக்காலத்தில் உப்புப் பூத்து வற்றுவது கச்சு நாட்டின் ராண் உவர்வெளி. 1819 ஆம் ஆண்டு நிலநடுக்கம் ஆங்கே சிந்திரிக் கோட்டையை நீரில் ஆழ்த்தி, 'அல்லாவின் அணை' என்னும் மேட்டையும் எழுப்பிற்று. தெற்கே, பன்னிப் புல்வெளியில், பனிக்காலந்தோறும் வடபுலப் பெருங்கொக்குகள் வந்திறங்கும். (மன்னாரில் நாம் காணும் பூநாரையின் இனமும் ராணிற் கூடு கட்டுவதே.)

இந்நாட்டுப் பறவைகளைப்பற்றி ஸ்தொலிச்சுக்கா 1872 இல் எழுதினார். முழுநூலோ, மகாராவ் விஜயராஜியின் ஆதரவாற் சாலிம் அலி இயற்றியது, 1945 இலேயே வெளிவந்தது. வேட்டையாடி வந்த அரசகுடியிடம் இவ்வாதரவு பிறந்தது முரணன்று. பறவையின் வரவை நாளெண்ணிக் காத்திருந்தோர் அவர்களே. 1948 இற் கச்சின் ஆட்சி இந்திய அரசிடஞ் சென்றது. நூன்முயற்சி நான்காண்டு தாமதித்திருப்பின், அதற்குப் பொருளுதவ அவ்வரச கருவூலம் இருந்திராது.